மாமியார் உடைத்தால் மண்குடமா? டெக்சஸ் தந்தைக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

டாலஸ் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மென்பொருள் வேலை, சொந்த ஊர் திருச்சிப் பக்கம், கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கிறார். மகன் பதினோராம் வகுப்பு. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கறுப்பின மாணவனும் அவன் கூட்டாளிகளும் பல மாதங்களாக இவனைக் ‘கறி’ என்றே கூப்பிட்டு வந்திருக்கிறார்கள். இந்திய உச்சரிப்பில் பேசிக் காட்டிச் சிரிப்பார்களாம். ஒருமுறை பள்ளிக் கவுன்சலரிடம் போய்ச் சொன்னதற்கு, “விளையாட்டுக்குச் சொல்வார்கள், கண்டுக்காதே” என்று அனுப்பிவிட்டார். சென்ற மாதம் அமெரிக்க வரலாற்று வகுப்பில் ரெட்லைனிங் பாடம், அதாவது கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்கு வீட்டுக்கடன் மறுக்கப்பட்ட கதை. டாலஸின் பழைய வரைபடம் ஒன்றைக் கொடுத்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார் ஆசிரியர். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அதே மாணவன், “நீங்களெல்லாம் பாதி வெள்ளைக்காரங்கதானே, உங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும்” என்று சீண்ட, இவன் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும், ஆங்கில ‘என்’ எழுத்தில் தொடங்கும் அந்த வசைச்சொல்லை அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். மூன்று நாள் சஸ்பென்ஷன். அந்தப் பையனுக்கு வெறும் எச்சரிக்கைதான் என்று கேள்வி.

“அந்த வார்த்தையை அவர்கள் பாட்டில் ஆயிரம் தடவை சொல்கிறார்கள். என் பையன் ஒரு தடவை சொன்னால் குற்றமா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதானே?” என்று கேட்கிறார். எல்லாவற்றுக்கும் காரணம் கிரிட்டிக்கல் ரேஸ் தியரி, அதாவது சிஆர்டி என்கிறார். டெக்சஸில் அது தடைசெய்யப்பட்டிருக்கும்போது வரலாற்று ஆசிரியர் மீது நடவடிக்கை எடுக்க முடியுமா, பள்ளி மீது வழக்குப் போடலாமா என்பவை கேள்விகள். அடுத்த வாரப் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசுவதற்காக வாட்ஸ்அப் நண்பர்கள் எழுதிக் கொடுத்த உரையையும் இணைத்திருக்கிறார். “பேசாமல் விடுங்கள்” என்கிறாராம் மனைவி.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் பாதி முழுக்க நியாயமானது. சிக்கல் என்னவென்றால், உங்கள் கையில் இருக்கும் உரையில் அந்தப் பாதி இல்லை.

ஒரு மாணவனை அவன் இனத்தையும் வீட்டில் பேசும் பேச்சையும் வைத்துப் பல மாதங்கள் கேலி செய்திருக்கிறார்கள். பள்ளியில் பெரியவர் ஒருவரிடம் சொன்ன பிறகும் அது நிற்கவில்லை. 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தில் டைட்டில் சிக்ஸ் என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது. கூட்டாட்சி அரசின் பணத்தை வாங்கும் எந்தப் பள்ளியும் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது. பிள்ளைகளுக்குள் நடக்கும் அப்படிப்பட்ட தொல்லையைத் தெரிந்துகொண்டு சும்மாவும் இருக்கக் கூடாது. நான்கு பக்க உரையில் இதற்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது இரண்டு வரி. மீதியெல்லாம் சிஆர்டி.

சிஆர்டி என்று எதைச் சொல்கிறீர்கள்?

1970களில் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் கிளம்பிய ஒரு வாதம் அது. ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் கறுப்பினப் பேராசிரியரான டெரிக் பெல், பிறகு ரிச்சர்ட் டெல்காடோ, கிம்பர்லே கிரென்ஷா போன்றவர்கள் கேட்டது எளிய கேள்விதான்: ஏட்டில் பாகுபாடு ஒழிந்துவிட்டதே, நாட்டில் ஏன் ஒழியவில்லை? ஒரு சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லாவிட்டாலும், அதன் அடி ஒரே இனத்தின் தலையில் விழலாம் என்றார்கள்.

1986ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தைப் பாருங்கள். 5 கிராம் கிராக் கொக்கைன் விற்றுப் பிடிபட்டாலும், 500 கிராம் பவுடர் கொக்கைன் விற்றுப் பிடிபட்டாலும் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றுதான், ஐந்து ஆண்டு சிறை. இரண்டும் அடிப்படையில் ஒரே சரக்கு. கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நூற்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தை 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஆளுக்கொரு நீதி என்ற உங்கள் புகாரைத்தான் சிஆர்டி ஆட்களும் சொன்னார்கள். இதை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சொன்னால் அடிக்க வருவார்கள், தெரியும்.

அந்தக் கோட்பாட்டை நீங்கள் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிறுபான்மையினர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் எழுத்துக்குத் தனி எடை வந்துவிடாது என்று 1989லேயே எதிர்த்து எழுதியவர் ராண்டல் கென்னடி. அவரும் கறுப்பினத்தவர், அவரும் ஹார்வர்ட் பேராசிரியர். இனவெறி எதிர்ப்பு என்ற பெயரில் அசட்டுத்தனங்களும் நடந்திருக்கின்றன. வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம், கடின உழைப்பையும் பகுத்தறிந்து சிந்திப்பதையும் வெள்ளையர் பண்பாட்டின் கூறுகளாகக் காட்டிய ஓர் அட்டவணையை இணையதளத்தில் வைத்திருந்தது. 2020 ஜூலையில் பெரிய சத்தம் கிளம்பி எடுத்துவிட்டார்கள். விடியற்காலை டியூஷனுக்குச் சைக்கிள் மிதித்து வளர்ந்த நம் ஆட்கள் அதைப் பார்த்துக் கொதித்ததில் வியப்பில்லை.

அப்புறம், டெக்சஸ் தடை. 2021இல் வந்த எச்.பி. 3979, அதே ஆண்டு கடைசியில் அதன் இடத்தைப் பிடித்த எஸ்.பி. 3 இரண்டிலும் கிரிட்டிக்கல் ரேஸ் தியரி என்ற சொற்களே கிடையாது. ஓர் இனம் பிறப்பிலேயே உயர்ந்தது, ஒருவர் தன் இனத்தின் காரணமாகவே இனவெறியர், முன்னோர் செய்ததற்கு இன்றைய பிள்ளை பொறுப்பு என்பன போன்ற கருத்துகளைப் புகுத்தக் கூடாது என்றுதான் இருக்கிறது. ரெட்லைனிங் நடந்த விஷயம். 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் அமைப்பு, டாலஸ் உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் தீட்டி ‘அபாயகரமானவை’ என்று வகைப்படுத்தியது. உங்கள் மகன் கையில் இருந்தது அந்த வரைபடம்தான். அதைப் பார்த்து ஒரு பக்கம் எழுதச் சொன்ன ஆசிரியர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சந்தேகம் இருந்தால் பாடப்பொருள்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க டெக்சஸ் கல்விச் சட்டம் பெற்றோருக்கு உரிமை தந்திருக்கிறது. பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தச் சட்டத்தைக் காட்டி ஆசிரியர்களை மிரட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் உங்கள் ஊர்ப்பக்கமே உதாரணம் இருக்கிறது. 2021 அக்டோபரில் சவுத்லேக் பள்ளி மாவட்ட அதிகாரி ஒருவர், யூத இனப்படுகொலை பற்றிய புத்தகம் வகுப்பில் இருந்தால் அதற்கு மாற்றுப் பார்வை உள்ள புத்தகமும் இருக்கட்டும் என்று ஆசிரியர்களிடம் சொன்னது பதிவாகி வெளியே வந்தது. மாவட்டத் தலைமை மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

“எங்களுக்கு யார் கொடுத்தார்கள்?”

“இரண்டு பெட்டியோடு வந்தோம், யாரும் எங்களுக்கு ஒதுக்கீடு தரவில்லை” என்ற வரி உங்கள் உரையில் மூன்று இடத்தில் வருகிறது. திருச்சியில் எந்தப் பிரிவில் இன்ஜினியரிங் சீட் வாங்கினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் மேடை ஏறுவதற்கு முன் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைய சட்டப்படி, குடியேறி வந்தவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்கப் பூர்விகம் கொண்டவரும் மட்டுமே அமெரிக்கக் குடியுரிமை கேட்கலாம். டக்காவோ ஒசாவா ஹவாயில் வாழ்ந்த ஜப்பானியர். வீட்டிலும் ஆங்கிலம்தான். தோலைப் பார்த்தால் நானும் வெள்ளைதான் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1922 நவம்பரில் தீர்ப்பு வந்தது: தோல் நிறம் கணக்கில்லை, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம். மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் வழக்கு. பஞ்சாபி. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். காக்கேசியன்தானே வேண்டும், அன்றைய இனவியல் நூல்கள்படி வட இந்தியனான நான் காக்கேசியன் என்றார். அதோடு விடவில்லை. தான் உயர்சாதி, கீழே உள்ளவர்களோடு மணவுறவு கொள்ளாதவன், அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரைப் பார்ப்பது போலத்தான் நாங்களும் அவர்களைப் பார்க்கிறோம் என்றும் அவர் தரப்பில் வாதம் வைத்தார்கள். அதே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாண்ட், இந்த முறை எழுதியது: அறிவியல் என்னவோ சொல்லட்டும், சாதாரண மனிதர் கண்ணுக்கு இவர் வெள்ளையர் இல்லை.

முதல் ஆளை அறிவியலைச் சொல்லித் தள்ளினார்கள், இரண்டாம் ஆளை அறிவியலைத் தள்ளிவிட்டுத் தள்ளினார்கள். அமெரிக்கச் சட்ட வரலாற்றில் மண்குடம் பொன்குடம் கதை வேண்டுமென்றால் இதைவிட நல்லது கிடைக்காது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைத் திரும்பப் பறித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய், அப்படிக் குடியுரிமை இழந்தவர், 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார். 1946இல் கதவு கொஞ்சம் திறந்தது, ஆண்டுக்கு நூறு இந்தியர்கள். முழுதாகத் திறந்தது 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில். சிவில் உரிமைச் சட்டம் வந்ததற்கு அடுத்த ஆண்டு அது. தெருவில் அடிவாங்கி அந்தச் சூழலை உண்டாக்கியவர்களில் நம்மவர் அநேகமாக யாரும் இல்லை. படிப்பையும் தொழில்திறனையும் பார்த்துத்தான் உங்களையும் உள்ளே விட்டார்கள். அதில் உங்கள் உழைப்பு உண்டு, வடிகட்டலும் உண்டு.

“பாதி வெள்ளைக்காரங்க” என்ற சீண்டலுக்கு உங்கள் மகன் சொல்லியிருக்க வேண்டிய பதில் திந்தின் கதை. இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள், உங்கள் குழு திட்டித் தீர்க்கும் சிஆர்டி ஆட்கள்தான்.

அந்த ஒரு சொல்

இதில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பாட்டு வாதத்தை விட்டுவிடுங்கள். நம் ஊரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. திட்டியவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவராக இருந்தால் மட்டும். அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் யாராவது வாதாடினால் எடுபடுமா? உங்கள் மகன் பாட்டுப் பாடவில்லை. கோபத்தில், ஒருவனைக் காயப்படுத்துவதற்காக அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தான். பல மாதம் சீண்டினார்கள் என்பது தண்டனையைக் குறைக்கக் கேட்கும் காரணமாகலாம். செய்ததைச் சரியென்று ஆக்காது.

ஆளுக்கொரு நீதி என்று நிரூபிப்பது

அமெரிக்கச் சட்டம் இந்தப் புகாரை யார் சொன்னாலும் கேட்கும். 1970இல் டெக்சஸில் ஒரு லாரி நிறுவனத்தில் மூன்று தொழிலாளர்கள் மீது 60 ஆன்டிஃப்ரீஸ் டப்பாக்களைத் திருடியதாகக் குற்றச்சாட்டு. வெள்ளையர் இருவருக்கு வேலை போயிற்று, கறுப்பினத்தவர் ஒருவரை வைத்துக்கொண்டார்கள். 1976இல் உச்ச நீதிமன்றம், சிவில் உரிமைச் சட்டம் வெள்ளையருக்கும் அதே அளவுக்குப் பொருந்தும் என்று சொன்னது. தீர்ப்பை எழுதியவர் அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல். 2025 ஜூனில் ஏம்ஸ் வழக்கில், பெரும்பான்மைப் பிரிவினர் வேலையில் பாகுபாடு என்று புகார் சொன்னால் கூடுதல் ஆதாரம் கேட்கக் கூடாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எழுதியவர் கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன், அவரும் கறுப்பினத்தவர். இந்த நீதிமன்றங்கள் கறுப்பினத்தவர் பக்கம்தான் சாயும் என்ற நண்பர்களின் பேச்சை நம்பாதீர்கள்.

ஆன்டிஃப்ரீஸ் வழக்கு ஜெயித்தது ஏன்? ஒரே டப்பாக்கள், ஒரே நாள், ஒரே முதலாளி, தண்டனை மட்டும் வேறு. உங்கள் விஷயத்தில் அந்தப் பையனுக்கு என்ன தண்டனை என்பதே உங்களுக்கு உறுதியாகத் தெரியாது. மாணவர் ஆவணங்களுக்கான தனியுரிமைச் சட்டம் இருப்பதால் பள்ளி அதை உங்களிடம் சொல்லவும் மாட்டாது. கேள்விப்பட்டதை மைக்கில் சொன்னால் ஒரே நிமிடத்தில் மடக்கிவிடுவார்கள். நீங்கள் ஒப்பிட வேண்டியது வேறு: என் மகன் இனவசவு பற்றிப் புகார் கொடுத்தபோது பள்ளி என்ன செய்தது, என் மகன் மீது அதே புகார் வந்தபோது என்ன செய்தது? இரண்டுக்கும் உங்களிடமே சாட்சி இருக்கிறது.

உரையின் கடைசியில் ஹார்வர்ட் தீர்ப்பைச் சேர்த்திருக்கிறீர்கள். 2023 ஜூனில் வந்த அது கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைப் பற்றியது. உங்கள் மகனின் சஸ்பென்ஷனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்குத் தரும் சலுகையைக்கூட அது தொடவில்லை. எடுத்துவிடுங்கள்.

சரி, இனி என்ன செய்வது

முதலில் சஸ்பென்ஷன். பத்து நாளுக்குட்பட்ட சஸ்பென்ஷனுக்கும், குற்றச்சாட்டைச் சொல்லி மாணவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1975இல் கோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் மகனைக் கேட்டார்களா, அப்போது ‘கறி’ விஷயத்தைச் சொன்னானா, அதை யாராவது குறித்துக்கொண்டார்களா? அவனுடைய முழு ஆவணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பள்ளி மாவட்டத்தின் குறைதீர்ப்பு விதிகளில் காலக்கெடு இருக்கும். அதை இன்றைக்கே பாருங்கள்.

இரண்டாவது, தொல்லை பற்றித் தனியாக எழுத்துப் புகார். கவுன்சலரிடம் வாயால் சொன்னதற்கு ஆதாரம் இல்லையென்று பின்னால் கைவிரிப்பார்கள். தேதிகள், யார் என்ன சொன்னார்கள், பக்கத்தில் இருந்தது யார், மொபைலில் வந்த செய்திகள் எல்லாம் அதில் இருக்கட்டும். பள்ளி அசையாவிட்டால் கூட்டாட்சிக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்கு 180 நாட்களுக்குள் போக வேண்டும். டாலஸ் உட்பட ஏழு மண்டல அலுவலகங்களை மூடுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள், அதனால் பதில் சீக்கிரம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் போட்டு வையுங்கள்.

வழக்கு இப்போது வேண்டாம். பள்ளிக்குத் தெரிந்தும் வேண்டுமென்றே அலட்சியம் காட்டியது என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. டெக்சஸின் மேரியன் பள்ளி மாவட்டத்தின் மீது கறுப்பின மாணவிகள் போட்ட வழக்கில், காருக்குப் பக்கத்தில் தூக்குக்கயிறு போட்டது வரை நடந்திருந்தது. பள்ளி ஏதோ நடவடிக்கை எடுத்தது, போதாவிட்டாலும் அலட்சியம் என்று சொல்ல முடியாது என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. உங்கள் வழக்கு அதைவிட மெலிந்தது.

வாரியக் கூட்டத்தில் பேச உங்களுக்கு உரிமை உண்டு. நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயங்களைப் பற்றிப் பொதுமக்கள் பேச அனுமதிக்க வேண்டும் என்று 2019இலிருந்து டெக்சஸ் சட்டமே சொல்கிறது. விசாவில் இருப்பவருக்கும் பேச்சுரிமை இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டங்களைப் பெரும்பாலும் படம்பிடித்து இணையத்தில் போடுகிறார்கள். ‘என் மகன் அந்த வார்த்தையைச் சொன்னான்’ என்று நீங்களே சொன்ன வீடியோ, அவன் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில் சுற்றும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய பொதுக் கேள்வியை எடுத்துவிட்டார்கள்; சில கல்லூரிகள் இன்னும் தனியாகக் கேட்கின்றன. மூன்று நாள் சஸ்பென்ஷனை விளக்க ஒரு பத்தி போதும். வைரலான வீடியோவை விளக்குவது அப்படியல்ல. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். தொல்லையைப் பற்றிப் புகாரே வேண்டாம் என்று அவர் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

பையனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்த மாணவனிடம் அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்கத் தயாரா? பள்ளி வழியாக, எழுத்தில், ‘கறி’ புகாரைக் கைவிடாமல் கேட்கலாம். இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்யாது. மன்னிப்புக் கடிதம் எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாதா என்று பயப்பட வேண்டாம், நடந்ததை அவன் மறுக்கவில்லையே.

நான் தந்திருப்பது பொதுவான விளக்கம். டெக்சஸில் உரிமம் பெற்ற கல்விச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் ஆவணங்களோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். போகும்போது அந்த உரையில் ‘கறி’ பற்றிய இரண்டு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, தேதி வாரியாக இரண்டு பக்கமாக விரித்து எழுதிக்கொண்டு போங்கள். பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய புகார் அதுதான்.